பன்னிரண்டு அணியில் ஆடியவர் விசுவாசம் இல்லாதவரா?

உப்புவெளிக்காரன்:

என் தம்பி நாலு வருடத்தில் மூன்று காற்பந்துக் கழகம் மாறிவிட்டான். வலது பக்கத் தடுப்புத்தான் அவனுடைய இடம். போன கிழமை நாலாவதாக ஒரு கழகம் கேட்டிருக்கிறது. திருகோணமலை மக்கெய்சர் மைதானத்தில் ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "உங்கட தம்பிக்கு ஓரிடத்திலயும் கால் தரிக்காதோ?" என்று கேட்டார். கோபமில்லாமல் கேட்டார், அதனால்தான் எனக்கு மனதிலேயே நின்றுவிட்டது. வீட்டில் அம்மாவுக்கும் அதே நினைப்பு. கழகம் மாறுகிறவன் நன்றி கெட்டவன் என்பது நம் ஊரில் யாரும் கேள்வி கேட்காத விடயம்.

இதை ஓர் ஐஸ் ஹொக்கி வீரரை வைத்துப் பேச விரும்புகிறேன். நான் கனடாவில், ஸ்காபரோவில், அக்கா வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க நின்றபோது பிடித்த பழக்கம் அது. அங்கே இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம், குளிர்காலத்தில் இங்கே காலை ஐந்தரை. வாடைக்காற்றில் கடல் இரைந்துகொண்டிருக்கும், நான் தேத்தண்ணியோடு போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வீரர் மைக் சில்லிஞ்சர். கனடாவில் ரெஜைனா ஊர்க்காரர், 1971ல் பிறந்தவர். அணிகள் இளம் வீரர்களை முறை வைத்து ஒவ்வொருவராக எடுக்கும் ஆண்டுத் தெரிவு ஒன்று உண்டு. 1989ல் டிட்ரொய்ட் அணி அவரை அதில் முதற் சுற்றிலேயே, 11ஆவது ஆளாகத் தெரிவு செய்தது. அவ்வளவு முன்னால் எடுத்தால் நட்சத்திரமாக வருவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அப்படி வரவில்லை. டிட்ரொய்ட், அனஹைம், வன்கூவர், பிலடெல்பியா, தம்பா பே, புளோரிடா, ஒட்டாவா, கொலம்பஸ், பீனிக்ஸ், சென்ட் லூயிஸ், நாஷ்வில், கடைசியாக நியூயோர்க் ஐலண்டர்ஸ். வட அமெரிக்காவின் முதன்மை ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.லில் மட்டும் 12 அணி. அந்த லீக்கில் அவரைவிட அதிக அணிக்கு ஆடியவர் கிடையாது.

ஆனால் அவர் ஆடிய ஆட்டம் 1,049. போட்ட கோல் 240. தேவையில்லாத ஆளை ஆயிரம் தடவை பனியில் இறக்குவார்களா? 12 இடத்தில் யாரோ ஒருவர் "இந்த ஆள் எனக்கு வேண்டும்" என்று கேட்டிருக்கிறார். தம்பியையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பழைய_விங்கர்:

தம்பி, 12 அணி கேட்டது என்றால் 11 அணி விட்டது என்றும் அர்த்தம். அதையும் சேர்த்து எண்ணுங்கள்.

நான் திருகோணமலையில் தொடங்கி கொழும்பில் இரண்டு கழகத்துக்கு ஆடியவன். விடுவது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். பயிற்றுநர் முதலில் பேசுவதைக் குறைப்பார். பிறகு பெயர்ப் பட்டியலில் கடைசிக்குப் போவீர்கள். ஒரு நாள் பயிற்சிக்குப் போனால் உங்கள் இடத்தில் வேறொரு பையன் நிற்பான். யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. எனக்கு அப்படி நடந்த இரவு, திருகோணமலை பஸ்ஸில் ஹபரணை வரும்வரை நான் கண் மூடவில்லை.

இன்னொன்று. அந்த லீக் காசுக்கு நடப்பது. நம் கழகம் அப்படியா? சேட் அடிக்கக் கடை கடையாகக் காசு சேர்க்கிறோம். பந்து கிழிந்தால் ஒரு அண்ணா தன் சம்பளத்தில் வாங்கித் தருகிறார். பத்து வயதில் சப்பாத்து வாங்கிக் கொடுத்து வளர்த்த பையன் இருபது வயதில் அடுத்த கழகத்தின் சேட்டோடு வந்து நின்றால் வலிக்கத்தான் செய்யும். அந்தப் பெரியவர் கேட்டதில் அந்த வலி இருக்கிறது. கனடாவைக் காட்டி அதை ஒதுக்காதீர்கள்.

உப்புவெளிக்காரன்:

அண்ணா, அந்த வலியை நான் மறுக்கவில்லை. தம்பிக்கு முதல் சப்பாத்து வாங்கிக் கொடுத்தது எங்கள் கழகம்தான், உண்மை. ஆனால் கடைசிப் பருவம் முழுக்க அவனை வாங்கில் இருத்தியதும் அதே கழகம்தான். பெயர் சொல்லமாட்டேன்.

கணக்குப்பிள்ளை:

இதில் எத்தனை படி இருக்கிறது என்று சொன்னால்தான் இந்த வாழ்க்கை பிடிபடும். நான் இதை வருடக்கணக்காகப் பின்தொடர்கிறேன், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

உச்சியில் என்.எச்.எல். 2025-26 பருவத்தில் 32 அணி, அணிக்கு 82 ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு 18 ஆட்டக்காரரும் இரண்டு கோல் காப்பாளரும்தான் உடுப்புப் போடலாம். அதற்குக் கீழே ஏ.எச்.எல்., 1936ல் தொடங்கியது. அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல்., 1988ல் வந்தது. மேல் அணி ஒவ்வொன்றும் கீழே ஓர் அணியோடு தொடர்பு வைத்திருக்கும். மேலே யாருக்காவது கால் உடைந்தால் கீழே ஒருவருக்குப் போன் வரும், இரவோடு இரவாகப் புறப்பட வேண்டும். காயக்காரர் குணமானதும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

ஊதியம் இன்னும் கொடுமை. "இருவழி ஒப்பந்தம்" என்று ஒன்று உண்டு. மேலே நின்றால் ஒரு சம்பளம், கீழே நின்றால் வேறு சம்பளம். என்.எச்.எல்.லின் ஆகக் குறைந்த ஆண்டுச் சம்பளமே 2023-24 பருவத்தில் 775,000 அமெரிக்க டொலர். அதே ஆள் அந்த ஒப்பந்தத்தோடு கீழே இறங்கினால் அதில் சிறு பங்குதான் கிடைக்கும். ஈ.சி.எச்.எல்.லில் வாரச் சம்பளம் சில நூறு டொலர். இருக்க வீடு கழகம் கொடுக்கும், பயணம் பஸ்ஸில். கொழும்பு பஸ்ஸில் ஆறேழு மணி நேரம் இருந்து இறங்கியதும் மைதானத்தில் ஓடச் சொன்னால் நம் கால் என்ன சொல்லும்? அவர்களுக்கு அது பருவம் முழுக்க நடக்கிற காரியம்.

இன்னும் "வேவர்ஸ்" என்று ஒரு விதி. அனுபவமுள்ள ஒருவரைக் கீழே அனுப்ப வேண்டுமென்றால், முதலில் 24 மணி நேரம் மற்ற எல்லா அணிகளுக்கும் அவரைக் காட்ட வேண்டும். விரும்பிய அணி எடுத்துக்கொள்ளலாம். ஒருவரும் எடுக்காவிட்டால் கீழே போகலாம். அந்த 24 மணி நேரம் அந்த ஆளும் அவர் மனைவியும் போனைப் பார்த்தபடி இருப்பார்கள். யாராவது எடுத்தால் நாளைக்கு ஊர் மாற வேண்டும். எடுக்காவிட்டால் ஒருவருக்கும் வேண்டாம் என்று உலகத்துக்கே தெரிந்துவிடும். இதில் எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அங்கே கதவடைத்தால் பின்லாந்து, சுவீடன், ஜெர்மனி, சுவிற்சர்லாந்து. அங்கேயும் தொழில்முறை லீக் இருக்கிறது. கிளென் மெட்ரோபொலிட் என்று ஒருவர், ரொறன்ரோவின் ரீஜன்ட் பார்க் பகுதியில் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர். அவரை எந்த அணியும் தெரிவு செய்யவில்லை. கீழ் லீக்குகளில் தொடங்கி, இடையில் பின்லாந்து, சுவிற்சர்லாந்து போய் ஆடி, திரும்ப வந்து, கடைசியில் என்.எச்.எல்.லில் ஏழு அணிக்கு 407 ஆட்டம் ஆடினார்.

வாடிக்காரன்:

பழைய_விங்கர் அண்ணா சொல்வது சரிதான். ஆனால் ஊர் மாறித் தொழில் செய்வது நமக்குப் புதிதில்லையே. சோளகம் பிறந்தால் மேற்குக் கரையில் இருந்து எத்தனை குடும்பம் இந்தப் பக்கம் வந்து வாடி போடுகிறது. எங்கள் சம்மாட்டி கரைவலைக்கு ஆள் எடுக்கும்போது எந்த ஊர் என்று கேட்கமாட்டார். கயிறு பிடிக்கத் தெரியுமா, மடி கிழியாமல் கரைக்குக் கொண்டுவரத் தெரியுமா என்றுதான் பார்ப்பார். போன வருடம் வேறு வாடியில் நின்றவன் என்பதற்காக ஒருவரையும் அவர் குறைவாக நினைத்ததில்லை.

இந்த சில்லிஞ்சர் எதில் கைகாரர்? அதைச் சொல்லுங்கள்.

உப்புவெளிக்காரன்:

இதைத்தான் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன்.

ஹொக்கியில் ஆட்டம் நிற்கும் ஒவ்வொரு தடவையும் நடுவர் வட்டைக் கீழே போட்டுத்தான் திரும்பத் தொடங்குவார். வட்டு என்பது மூன்று அங்குலம் அகலம், ஓரங்குலத் தடிப்பான கறுப்பு ரப்பர். துள்ளாமல் இருக்க உறையவைத்துக் கொண்டு வருவார்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் குனிந்து நிற்பார். நடுவரின் கை அசைவதைப் பார்த்து, வட்டு பனியில் தொடும் கணத்தில் மட்டையைச் சுழற்றித் தன் ஆள் இருக்கும் பக்கம் இழுக்க வேண்டும். ஓர் ஆட்டத்தில் இது ஐம்பது அறுபது தடவை நடக்கும். வென்றவர் பக்கம் வட்டு, தோற்றவர் பக்கம் ஓட்டம்.

அதில் சில்லிஞ்சர் நம்பகமான ஆள். இன்னொன்று, தன் அணியில் ஒருவர் தண்டனை பெற்று இரண்டு நிமிடம் பெட்டிக்குள் இருக்கும்போது ஐந்து பேருக்கு எதிராக நாலு பேராக நின்று தடுப்பது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கிறது, ஒரு கோல் முன்னால் நிற்கிறோம், நம் கோல் பக்கம் வட்டு விழப்போகிறது, யாரை இறக்குவது? அந்த நேரத்தில் பயிற்றுநரின் கண் தேடும் முகம் இவருடையது. கோல் போடவும் தெரியாமல் இல்லை. 2005-06 பருவத்தில், முப்பத்துநாலு வயதில், 32 கோல் போட்டார். அந்தப் பருவத்தின் நடுவிலும் அவரை சென்ட் லூயிஸிலிருந்து நாஷ்வில்லுக்கு ட்ரேட் செய்தார்கள், அதாவது மாற்றிக் கொடுத்தார்கள்!

இது போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே ஒரு புதிய அணிக்குப் பயன்படும் திறமை. பெரிய நட்சத்திரத்தை வைத்து ஓர் அணியைக் கட்ட வேண்டும், அதற்குக் காலம் வேண்டும். சில்லிஞ்சர் மாதிரி ஆள் கட்டின வீட்டில் ஒழுகுகிற இடத்தைப் பார்த்து ஓடு மாற்றுகிறவர்.

இடமாற்ற_ரீச்சர்:

நான் ஹொக்கி பார்த்ததில்லை. ஆனால் இருபத்தாறு வருட சேவையில் ஏழு பாடசாலை மாறினேன், அதனால் கேட்கிறேன். ட்ரேட் என்றால் அந்த ஆளைக் கேட்டுத்தான் செய்வார்களா? பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சாமானை யார் கட்டுவது?

கணக்குப்பிள்ளை:

கேட்கமாட்டார்கள் ரீச்சர். மறுக்கும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் தவிர. அந்த உரிமையைப் பெரிய வீரர்கள்தான் பேரம் பேசி வாங்க முடியும். சில்லிஞ்சரை 2003 யூலையில் கொலம்பஸ் அணி டலஸுக்குக் கொடுத்தது. அதே நாளில் டலஸ் அவரை பீனிக்ஸுக்குக் கொடுத்துவிட்டது. டலஸ் சேட்டை அவர் ஓர் ஆட்டத்துக்கும் போடவில்லை. மேலே உள்ள 12 அணியில் டலஸ் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இடமாற்ற_ரீச்சர்:

ஒரே நாளில் இரண்டு கடிதம்.

எனக்கு ஒரு தடவை தை மாதம் பிறந்த பிறகு கடிதம் வந்தது. மகளுக்குப் புதுப் பாடசாலையில் உடுப்பும் புத்தகமும் எடுத்து முடித்திருந்தோம். புதுப் பாடசாலைக்குப் போன முதல் கிழமை யாரும் நம்மிடம் பேசமாட்டார்கள். ஆசிரியர் அறையில் எந்தக் கதிரை யாருடையது என்று தெரியாமல் நின்றுகொண்டிருப்பேன். பிள்ளைகள் மட்டும் பத்து நிமிடத்தில் நம்மை அளந்துவிடுவார்கள். அதனால் எங்கே போனாலும் முதல் பாடத்தை நன்றாக எடுக்க வேண்டும் என்று பழகிக்கொண்டேன். அந்த வீரரும் அதைத்தான் பழகியிருப்பார் என்று நினைக்கிறேன்.

உப்புவெளிக்காரன், உங்கள் தம்பி மாறும்போது அவனுக்குத் தெரிவு இருக்கிறது. அதைப் பெரிய விடயமாகப் பாருங்கள். எங்களுக்கும் சில்லிஞ்சருக்கும் அது இருக்கவில்லை.

மூதூர்_கரை:

2006ல் நாங்கள் மூதூரிலிருந்து கையில் கிடைத்ததோடு வெளியேறினோம். அதற்குப் பிறகு எனக்கு "மாறுவது" என்ற சொல்லே கொஞ்சம் கூசும். சம்பளத்துக்கு ஊர் மாறுகிறவரையும் எங்களையும் ஒன்றாக வைத்துப் பேச வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ரீச்சர் சொன்ன அந்த முதல் கிழமை, யாரும் பேசாத கிழமை, அது உண்மை. அதில் முதல் ஆளாக வந்து பேசியவரின் முகம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

ஸ்காபரோ_அப்பா:

ஊரில் இருந்து இப்படி ஓர் இழை வரும் என்று நினைக்கவே இல்லை. நான் திருகோணமலை, ஓர்ஸ்ஹில். இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல். என் மகன் ஏழு வயதிலிருந்து ஹொக்கி ஆடுகிறான். பனி மைதானம் மலிவாகக் கிடைப்பது விடியற்காலையில்தான். வெளியே சுழியத்துக்குக் கீழே இருபது, நான் காரைச் சூடாக்கிக்கொண்டிருப்பேன், அவன் பின்னால் மட்டையைக் கட்டிப்பிடித்தபடி தூங்குவான். காலணி, தலைக்கவசம், மட்டை, மைதானக் கட்டணம் என்று ஒரு வருடத்துக்குப் போகும் காசில் ஊரில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம்.

அவன் ஒரு நாள் கேட்டான், "எங்களை மாதிரி ஆக்கள் ஆடியிருக்கினமா அப்பா?" நான் தேடிப் பார்த்து ரொபின் பாவாவைக் காட்டினேன். பிரிட்டிஷ் கொலம்பியாவின் டங்கன் ஊரில் பிறந்த பஞ்சாபியர். 1989ல் வொஷிங்டனுக்கு ஆடி, இந்திய வம்சாவளியில் என்.எச்.எல்.லில் ஆடிய முதல் ஆள் ஆனார். அவரும் இந்த இழையில் பேசும் மாதிரியான வீரர்தான். வொஷிங்டன், வன்கூவர், சான் ஹோசே, அனஹைம் என்று நாலு அணி, மொத்தமே 61 ஆட்டம். மிச்சமெல்லாம் கீழ் லீக்குகள். மகனுக்கு 61 என்பது சிறிய எண்ணாகப் பட்டது. எனக்கு அப்படிப் படவில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தான் ஒருவர்தான் அந்த நிறம் என்று தெரிந்துகொண்டே அவர் பனியில் இறங்கியிருப்பார்.

அவருக்குப் பிறகு மனி மல்ஹோத்ரா, தகப்பன் வழியில் இந்தியர். 1998ல் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் 7ஆவது ஆளாக எடுத்தது. அவரும் நட்சத்திரம் ஆகவில்லை. சில்லிஞ்சர் மாதிரியே வட்டு விழும் இடத்தில் கெட்டிக்காரர். ஏழு அணி, 991 ஆட்டம். 2011 மார்ச்சில் வட்டு கண்ணில் பட்டது. அந்த வருடம் யூனில், இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில், முகம் மூடிய கவசத்தோடு வன்கூவருக்காகத் திரும்ப இறங்கினார். அரங்கமே எழுந்து நின்றது. இப்போது பயிற்றுநர். அவருடைய அபொட்ஸ்போர்ட் அணி 2025ல் ஏ.எச்.எல். கிண்ணத்தை வென்றது. ஏழு அணியில், எத்தனையோ பயிற்றுநரிடம் இருந்த ஆளுக்கு, வாங்கில் இருக்கும் பையனின் மனம் விளங்காதா என்ன?

குடும்பத்தைப் பற்றி ரீச்சர் கேட்டதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜோன் ஸ்கொட் என்று ஆறடி எட்டு அங்குல ஆள். ஏழு அணிக்கு 286 ஆட்டம், ஐந்தே கோல். சண்டைக்காரர் என்றுதான் பெயர். 2016ல், சிறந்த வீரர்களை மட்டும் சேர்த்து நடத்தும் நட்சத்திர ஆட்டத்துக்கு ரசிகர்கள் விளையாட்டாக அவருக்கு வாக்குப் போட்டு முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆட்டத்துக்கு இரண்டு கிழமை முன்பு அரிசோனா அவரை மொன்றியலுக்குக் கொடுத்தது. மொன்றியல் நேரே கீழ் லீக்குக்கு, நியூபவுண்ட்லாந்துக்கு அனுப்பியது. வீட்டில் இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள், மனைவி வயிற்றில் இரட்டைக் குழந்தை. கண்டத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு. ரசிகர்கள் விடவில்லை. கடைசியில் அவர் நாஷ்வில்லில் நடந்த அந்த ஆட்டத்தில் அணித்தலைவராகவே ஆடினார், இரண்டு கோல் போட்டார், சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். சக வீரர்கள் தோளில் தூக்கினார்கள். நான் மகனோடு பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பழைய_விங்கர்:

அந்தத் தோளில் தூக்கிய காட்சியை இப்போதுதான் தேடிப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன்.

சரி தம்பி, நான் ஒன்றை மாற்றிச் சொல்கிறேன். எனக்குக் கொழும்பில் வலித்தது விட்டதனால் இல்லை. முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்லாததுதான் வலித்தது. அந்தப் பெரியவருக்கும் அப்படித்தான் இருக்கலாம். உங்கள் தம்பி மூன்று தடவை மாறினானே, ஒரு தடவையாவது பழைய கழகத்துக்குப் போய், "அண்ணா, நான் போகிறேன்" என்று நின்று சொன்னானா?

உப்புவெளிக்காரன்:

இல்லை அண்ணா. வாட்ஸப்பில் அனுப்பினான். ஒரு தடவை அதுவும் இல்லை. குழுவிலிருந்து வெளியேறிவிட்டான். இதை நான் இதுவரை யோசிக்கவே இல்லை.

கணக்குப்பிள்ளை:

சில்லிஞ்சரைப் பற்றி ஒன்று விட்டுப்போய்விட்டது. அவர் கொலம்பஸில் ஆடிக்கொண்டிருந்த காலத்தில், 2003 மே மாதம், அந்த ஊரில் மகன் பிறந்தான். இரண்டு மாதத்தில் அந்த இரட்டை ட்ரேட். கைக்குழந்தையோடு ஊரை விட்டார்கள். அந்த மகனும் ஹொக்கி வீரர் ஆனார், பெயர் கோல் (Cole) சில்லிஞ்சர். 2021ல் அவரைத் தெரிவு செய்தது எந்த அணி தெரியுமா? அதே கொலம்பஸ். தகப்பன் 11ஆவது, மகன் 12ஆவது.

இடமாற்ற_ரீச்சர்:

தகப்பனை அனுப்பிய ஊரே மகனைக் கூப்பிட்டிருக்கிறது. இன்றைக்கு இரவு மகளுக்குச் சொல்ல வேண்டும். அவளும் இப்போது ஆசிரியை, முதல் நியமனம் நான் படிப்பித்த மூன்றாவது பாடசாலையில்தான்.

உப்புவெளிக்காரன்:

நேற்று இரவு அம்மாவுக்கும் தம்பிக்கும் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். அம்மா சில்லிஞ்சரின் மனைவியைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு தம்பியிடம், "அந்தக் கழகத்தில உன்னை எந்த இடத்தில விடப்போயினம்?" என்று கேட்டார். இதுவரை அம்மா அவனிடம் காற்பந்தைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. வலது பக்கத் தடுப்பு, அங்கே இருந்தவர் வெளிநாடு போய்விட்டார், அதனால்தான் கேட்கிறார்கள் என்று தம்பி சொன்னான்.

ஞாயிறு பின்னேரம் நாலரைக்கு அவனைப் பழைய கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். சேட்டைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறான். அந்தப் பெரியவரும் வருவாராம். அவனுக்குக் கொஞ்சம் பயம்.

பழைய_விங்கர்:

நாலரைக்கு நானும் மக்கெய்சரில்தான் நிற்பேன். வாசலில் ஐஸ்கிறீம் வண்டி நிற்கும் இடத்துக்கு வாருங்கள், சேர்ந்தே உள்ளே போவோம்.